அறுபது கிலோ

பகாவ் ஊரைத் தாண்டி, செம்பனை ஆலையின் எடைமேடையில்
எனக்கு இரவு வேலை.
பாரத்தோடு வரும் லோரியை ஒரு முறை நிறுப்பேன்.
கொட்டிவிட்டுத் திரும்புகையில் இன்னொரு முறை.
கழித்தால் வருவதுதான் பழம்.
பதினாறு வருஷத்தில் ஒரு குலையைக்கூட
நான் தனியாக நிறுத்ததில்லை.

அதனால்தான் அந்தச் சேதி எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

மழை விட்ட டிசம்பர் இரவில்
கொதிகலன் புகை வடக்கே சாய்ந்துவிட்டால்
ரைஜல் தெரியும், நீல வெள்ளையாய்.
கையை நீட்டி, அங்கிருந்து மேற்கே ஒரு சாண்,
அதற்கு மேல் இரண்டு விரல்.
மங்கலாக ஒன்று.
எப்சிலான் எரிடானி.
நம் சூரியனின் சாயல்தான்.
கொஞ்சம் சிறிசு, நிறையவே இளசு.

அதற்கு ஒரு கோள் உண்டாம்.
அதைக் கண்டு யாரும் சொல்லவில்லை முதலில்.
நட்சத்திரம் ஒரு பக்கம் லேசாக இழுபடுகிறது,
பிறகு மறு பக்கம்.
ஒரு சுற்றுக்கு ஏழு வருஷத்துக்கு மேல்.
தோட்டத்துச் செம்மண் பாதையில் போகும்
கப்சாயின் வேகம்தான் அந்த ஆட்டத்துக்கு.
ஆட்டத்தை வைத்து எடை சொன்னார்கள்.
அதெல்லாம் நட்சத்திரத்தின் மேனிக் கொதிப்பு என்று
சிலர் பல காலம் ஒத்துக்கொள்ளவில்லை.
அவர்கள் முடிவுக்கு வரும்வரை
அது நின்றுகொண்டா இருந்திருக்கும்?

குணசீலனைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

குலை ஏற்றுகிறவன். ஐந்தாம் டிவிஷன் லயத்தில் பிறந்தவன்.
பிறந்ததை எழுதிவைக்க அன்று யாரும்
பட்டணத்துக்குப் போகவில்லை.
நீல அட்டை இல்லை. வங்கிக் கணக்கு இல்லை.
சம்பளம் மச்சான் பெயரில் வருகிறது.
போலீஸ் நிற்காத பாதை எது என்று
இந்த வட்டாரத்தில் அவனைக் கேட்டால் போதும்.
சிரம்பான் பதிவு இலாகாவில் மனுப் போட்டுப்
பத்து வருஷமும் சில மாதமும்.
எப்போது போய்க் கேட்டாலும் பரிசீலனையில்.

நான் இப்போது பார்க்கும் வெளிச்சம்
ஏறக்குறைய அந்த வாரம் அங்கிருந்து புறப்பட்டது.
வந்து சேர்ந்துவிட்டது.

போன வியாழன், விடிகாலை இரண்டு மணி.
மேடையில் ஏறுமுன் ஏற்றுகிறவன் இறங்கிவிட வேண்டும், அது விதி.
இவன் இருக்கையில் சுருண்டு தூங்கியிருக்கிறான்.
டிரைவர் தங்கையா எழுப்பவில்லை, பாவம் பார்த்து.
இருபத்தோராயிரத்து நானூற்று எண்பது.
கொட்டிவிட்டு வந்தபோது ஒன்பதாயிரத்து எண்ணூற்று அறுபது.
அச்சடித்த சீட்டைக் கிழிக்கும்போதுதான் பார்த்தேன்,
குழாயடியில் ஒருவன் முகம் கழுவுகிறான்.

கூப்பிட்டு லோரியில் ஏற்றி உட்காரவைத்தேன்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறின,
நின்றன.
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.

அறுபது கிலோ பழம் அதிகம் என்று
கம்பெனிக் கணக்கில் ஏறவிருந்தவன் அவன்.
தேதி, நேரம், ஆலை முத்திரை, என் கையெழுத்து எல்லாம் போட்டு.

சரியான சீட்டை அடித்துக் கொடுத்தேன்.
பழையதில் ‘ரத்து’ குத்தி
கோப்பில் சேர்க்க வேண்டும்.
சேர்க்கவில்லை. என் கைப்பையில் இருக்கிறது,
இரண்டு ரிங்கிட் நோட்டுக்கும் பனடோல் அட்டைக்கும் நடுவில்.

அவன் கண்ணாடிக்கு வெளியே நின்று
எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.
“கிளினிக்கில அறுபத்திரண்டு காட்டிச்சே அக்கா.
ரெண்டு கிலோ எங்க போச்சு?”

மேடை இருபது இருபதாய்த்தான் எண்ணும்,
அதற்குக் குறைந்தது அதற்குத் தெரியாது என்றேன்.

“அப்ப இருக்கு,” என்றான்.
தங்கையா ஹார்ன் அடித்தான்.