கொண்டி

வீட்டாய்வுக்கு வருகிறேன் என்று போன் செய்தவர்
பத்தரை பஸ்ஸில் எங்கள் ஸ்டாப்பில் இறங்கினார்.
ஜெசிந்தா. திருவாரூரிலிருந்து. குடை, பச்சைக் கோப்பு,
சொந்தத் தண்ணீர் பாட்டில்.
காபி வேண்டாம் என்றார், பிறகு குடித்தார்.

மூன்று நாளாய் நாங்கள் துடைத்த வீட்டில்
துடைக்காததை மட்டும் பார்த்தார்:
இவர் மோட்டார் காயில் சுற்றும் மேசை,
அதன் அடியில் வார்னிஷ் டப்பா,
கொல்லையில் மூடாத கிணறு,
கிணற்றைத் தாண்டினால் வாய்க்கால்.

"தண்ணி எப்ப வரும்?"
மேட்டூரைத் திறந்தாலும், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
வந்த பிறகுதான் வந்தது என்று சொல்லலாம் என்றேன்.
வைகாசி வாய்க்காலில் பையன்கள்
ஸ்டம்பு நட்டிருந்தார்கள்.
அவர் எழுதிக்கொண்டது: நீர்நிலை, இருபது அடி.

வருமானச் சான்று. திருமணச் சான்று.
காசம் இல்லை என்று டாக்டர் கையெழுத்து.
எங்களை அறிந்த இருவரின் கடிதம்.
மருந்துக்கடை ஷாகுல் ராவுத்தர் எழுதியிருந்தார்:
"பதினாறு வருடப் பழக்கம். கடன் வாங்கினால்
சொன்ன தேதிக்குத் தருவார்கள்.
சண்டை போட்டால் மெதுவாகப் போடுவார்கள்."
கடைசி வரி கடை வரைக்கும் கேட்டிருக்கிறது.

பிறகு வயதைக் கூட்டினார்.
நாற்பத்தாறும் நாற்பத்துமூன்றும்.
அந்தக் கூட்டலை ராத்திரிகளில் போட்டுப் பழகியவள் நான்.
எண்பத்தைந்துக்குள் என்றால் கைக்குழந்தை.
தொண்ணூறுக்குள் என்றால் இரண்டிலிருந்து நாலு வயது.
முதன்முதலில் பேச்செடுத்தபோது எண்பத்துமூன்று.
"எந்த ரத்தமோ" என்று இவர் அண்ணன்
பாதிச் சோற்றில் கைகழுவி எழுந்தார். அதில் ஒரு வருஷம்.
தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கடைசியாக ஒரு தடவை. அதில் ஒன்று.
யாரும் எதுவும் சொல்லாமலே ஒன்று.
புருஷன் பெண்டாட்டிக்கு
வருஷத்துக்கு இரண்டு வயது ஏறுகிறது.
நாங்கள் தயங்கத் தயங்க
எங்கேயோ ஒரு பிள்ளை
குப்புற விழுந்து, தவழ்ந்து, எழுந்து,
யாரையோ என்னவோ சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"தத்துன்னு பிள்ளைகிட்ட சொல்லுவீங்களா?"
இவர் தொண்டையைச் செருமி,
"நாத்து பறிச்சு நடுறோம் பாருங்க" என்று ஆரம்பித்தார்.
ஜெசிந்தா சிரித்துவிட்டார்.
"சார், இந்த ஜில்லாவுல எல்லா வீட்லயும் நாத்துதான்.
நாத்து திரும்பிக் கேள்வி கேக்காது."
பேசாமல் இருந்தார் இவர்.
பேன் மூன்று சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது,
ஊர் மோட்டாரெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவர் வீட்டு பேன்.
"பயமாத்தான் இருக்கு. சொல்லுவோம்."
தலை நிமிராமல் அதை எழுதினார்.
நாலு வார்த்தைக்கு
நாலு வரி எழுதினார்.

கிளம்பும்போது கொல்லைக் கதவின் கொண்டியை
மேலும் கீழும் தட்டிப் பார்த்தார்.
மூன்று வருஷத்துக்கு முன்னால், என்னிடம்கூடச் சொல்லாமல்,
இடுப்பு உயரத்தில் இவர் அடித்து வைத்தது.
எதற்கு என்று அன்று நான் கேட்கவில்லை.
"ரெண்டு வயசுக்கு எட்டாது. நாலுக்கு எட்டும்" என்றார்.
கிணற்றுக்குக் கம்பிவலை, வார்னிஷுக்குப் பூட்டு,
அப்புறம் இது.

அவர் ஏறிய பஸ் வளைவு திரும்புவதற்குள்
திருப்புளியை எடுத்துவிட்டார் இவர்.
இரண்டு சாண் ஏறியது கொண்டி.
பழைய ஓட்டை இரண்டிலும்
மெழுகு வைத்து அடைக்கட்டுமா என்றார்.
இருக்கட்டும் என்றேன்.
குனிந்து, ஒரு கண்ணை மூடி, அது வழியாகப் பார்த்தேன்.
வாய்க்காலில் யாருமில்லை.
ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.