கால் அங்குலம்

கோர்ட்டு போட்ட கோடு
தெருவிலிருந்து பார்த்தால்
கஜலட்சுமியின் இடது பக்கத்து யானையின்
துதிக்கை மேல் இறங்குகிறது.

தண்டையார்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு அந்தாண்டை.
அண்ணன் துளசிங்கம் பாகம் இடிபட்டு ஃபிளாட் வரும்.
தம்பி லோகநாதன் பாகம் அப்படியே நிற்கும்.
கோட்டில் வெட்டுவது என் வேலை.
அடிக்கு இவ்வளவு, பிளேடு தேய்மானம் தனி.

சாரத்தில் ஏறி அம்மன் எதிரே நின்றேன்.
கீழே நிற்பவர்களுக்குச் செய்த முகம்.
கிட்டே போனால் தாடை முன்னுக்குத் துருத்தி,
கண் ஒன்று பெரிதாக,
திட்டப் போகிறவள் மாதிரி.
இதழுக்கும் இதழுக்கும் நடுவிலிருந்த பள்ளம்
ஐம்பது அறுபது பொங்கல் வெள்ளையில் தூர்ந்து
தாமரை ஒரு பன்னாகியிருந்தது.
காலடியில் 1964.
மாடி எடுத்த வருசம்.

மிஷினைப் போட்டேன்.
ஸ்டெல்லா கீழிருந்து தண்ணீர் அடித்தாள்.
முதலில் பெயிண்ட்:
ரோஸ், நீலம், மறுபடி ரோஸ், அடியில் காவி.
அப்புறம் முட்டை ஓட்டுக் கனத்தில்
வழவழவென்று சுண்ணாம்பு.
அப்புறம் மணல், அதில் கிளிஞ்சல் பொடி.
கடல் மணலில் பூசினால் நிக்காது என்பார்கள்.
எத்தனை புயல் பார்த்ததோ, நின்றது.

அப்புறம் யானை.
யானைக்குள் யானை இல்லை.
ஓட்டுச் சில்லு, கயிற்றுப் பிரி,
கண்ணுக்குக் கோலி சோடா கோலி.
துதிக்கையில் பிளேடு பொறி கக்கியது. நிறுத்தினேன்.
உள்ளே வளைந்து கிடந்தது
ஒரு சைக்கிள் ஹேண்டில்பார்.
மணியைக் கழற்றிக்கொண்டுதான் பூசியிருக்கிறான்.

ஒன்பது வருசமாக வக்கீல் வழியே பேசியவர்கள்
எதிரெதிர் வாசலிலிருந்து
நடு ரோட்டுக்கு வந்தார்கள்.

"நைனா சைக்கிளு."
"எல்லா ஹேண்டில்பாரும் இப்டித்தான் இருக்கும்."
"அந்த ராலேதான்டா."
"..."
"அதுக்குத்தானே கீழ் போர்ஷன் ஆரோக்கியத்த
சாமானெல்லாம் ரோட்ல போட்டு..."

தம்பி லுங்கியை மடித்துக் கட்டினார்.
அண்ணன் யானையைப் பார்த்தார்.
ஒரு தண்ணி லாரி ஹாரன் அடித்தது,
இரண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்கினார்கள்,
பிறகு கவனித்து
அவரவர் பக்கம் போனார்கள்.

"வெட்டு" என்றார் ஒருவர்.
யார் என்று மேலே கேட்கவில்லை.

மிச்சத்தை வெட்டினேன்.
ஒரு கைப்பிடி அண்ணனுக்கு, ஒன்று தம்பிக்கு.
அம்மனுக்கு ஒரு யானை மிச்சம்.
தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் விழும்.

சாயங்காலம் கணக்கு.
வெட்டிய விளிம்புக்குப் பூச்சு யார் செலவு?
அது என் பாகமில்லை என்றார் இவர்.
என் பாகமும் இல்லை என்றார் அவர்.
நியாயம்தான்.
பிளேடு தின்ற கால் அங்குலம்
பத்திரத்தில் எந்தப் பக்கமும் இல்லை.
அது ஸ்டெல்லாவின் தலைமுடியில் இருந்தது,
என் மூக்கில் இருந்தது,
சாரத்தில் வைத்து மறந்துபோன
டீயின் மேல் ஆடையாகப் படிந்திருந்தது.
ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தேன்.

பிளேடு காசு இன்னும் வரவில்லை.