நீலத்துக்குள் ஒரு புள்ளி

வந்த முதல் இரவு அம்மா அழைத்தாள்.
லொகேஷன் அனுப்பியிருந்தேன்.
"எங்கடா இருக்க, தண்ணிக்குள்ள காட்டுது!"
பெரம்பூரில் அவள் கைபேசித் திரை முழுக்க நீலம்,
நடுவில் துடிக்கிற புள்ளி, நான்.
வரைபடம் வரைந்தவனுக்கு
இந்தத் திட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

நாகமரைக் கரையிலிருந்து பரிசலில் இருபது நிமிடம்.
மேட்டூர் அணை நிரம்பினால் இது தீவு,
வடிந்தால் எருமை மேயும் வெறும் மேடு.
நான் வந்தது ஐப்பசியில்.
தளும்பிக்கொண்டு நின்றது.
வலையில் ஏறும் மீனை நிறுத்து எழுதுவது வேலை,
ஆறு மாத ஒப்பந்தம்.
தகரக் கொட்டகை, தராசு,
இரவு ஒன்பதுக்கெல்லாம் கண்ணை மூடிவிடும்
சூரிய விளக்கு.

இங்கே பதினோரு குடும்பம்.
எல்லோருக்கும் என் பெயர் தெரியும்,
யாரும் கூப்பிடுவதில்லை.
மெட்ராசு சாப்டுச்சா.
மெட்ராசு பாறையில வழுக்கி விழுந்துச்சு.

களியை மென்றேன்.
கெம்பி சிரித்த சிரிப்பில்
அவள் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது.
என் வயதுதான் அவளுக்கும்,
இரண்டு வலை, ஒரு மகன், கூட்டுறவுச் சங்கத்தில் கடன்.

தூக்கம்தான் வரவில்லை.
தவளைகள்.
ரயில் கத்தினால் அது எங்கோ போகிறது என்று தெரியும்.
இவை எங்கும் போகாமல் கத்தின.
ஒற்றைக் கோடு சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி
சத்தம் அடக்கும் ஹெட்ஃபோன் ஆர்டர் செய்தேன்.
விலாசக் கட்டத்தில் வெகுநேரம் நின்றேன்.
கதவு எண் இல்லை, தெரு இல்லை.
'தண்ணீருக்கு நடுவில், கெம்பி வீட்டுக்கு மேற்கே.'
ஏற்றுக்கொண்டது.
ஐந்தாம் நாள் குறுஞ்செய்தி:
முயன்றோம், விலாசத்தில் யாரும் இல்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத காற்று.
பரிசல் எடுக்கவில்லை.
சொல்ல வெட்கம்தான்,
அப்போது நான் ஏங்கியது மனிதர்களுக்காக அல்ல,
ஃப்ரிட்ஜைத் திறந்ததும் முகத்தில் விழும்
அந்த வெளிச்சத்துக்காக.

தை பிறந்தபோது
கை தராசை முந்தத் தொடங்கியது.
கட்லாவைத் தூக்கியதும் "மூணே கால்" என்கிறேன்,
முள் மூன்றே காலில் போய் நிற்கிறது.
கெம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
பந்தயத்தில் பத்து ரூபாய் போயிற்று அவளுக்கு.

மாசியில் நீர் விலகியது.
முதலில் சேறு, பிறகு வெடிப்பு,
பிறகு யாருடையதோ ஒரு பழைய வரப்பு.
எதிரே பண்ணவாடிப் பக்கம்
நந்தி தலையை வெளியே நீட்டியது.
ஒரு காலை அக்கரையிலிருந்து
எருமை ஒன்று நடந்தே வந்து சேர்ந்தது.
நாங்கள் தீவாக இருந்த விஷயம்
அதற்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அதன் பின்னாலேயே ஒரு பைக்.
டீக்கடையில் நான்கு மாதம் கிடந்த பெட்டி,
ஒரு மூலையை எலி தின்றிருந்தது.
பையன் சுற்றிப் பார்த்தான்.
"தண்ணிக்கு நடுவுலன்னு போட்டிருக்கே, தண்ணி எங்கண்ணா?"
கையெழுத்துப் போட்டேன்.

அன்றிரவு தவளைகள் இல்லை.
நீரோடு அவையும் அரை மைல் தள்ளிப் போயிருந்தன.
காசு கொடுத்தாயிற்றே என்று மாட்டிக்கொண்டேன்.
அப்படியொரு மௌனம் பெரம்பூரிலும் கேட்டதில்லை.
பத்து மணி நேரம் தூங்கினேன்,
சுகமாக.
தகரத்தைத் தட்டியிருக்கிறார்கள்,
கல்லால்கூட.

எழுந்து வந்தால் தராசு கழுவிக் கவிழ்த்திருந்தது.
பேரேட்டில் கெம்பியின் எழுத்து,
கோட்டை மதிக்காமல் ஏறி இறங்கி:

கட்லா பதினொண்ணு.
ரோகு நாலு.
ஜிலேபி ஒரு கூடை.
கரைக்கு வராதது மெட்ராசு, ஒண்ணு.
எடை போடலை.

மாதக் கடைசியில்
அலுவலகத்துக்கு அதை அப்படியே அனுப்பிவைத்தேன்.