இணைப்பு

நாகர்கோவில் சந்திப்பு. இரவு ஒன்றே முக்கால்.
மூன்றாம் நடைமேடையின் குழாயடியில் ஒரு பையன்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.

ரயில்வே போலீஸ் ராபின்சன்தான் கூப்பிட்டார்:
"ஒண்ணும் பேச மாட்டேங்கான் டீச்சர்,
டீ வாங்கிக் குடுத்தேன்,
அதையும் குடிக்காம கையிலயே வச்சிருக்கான்."

டீச்சர் இல்லை நான்.
பிள்ளைகளிடம் பேசும் வேலைக்கு வந்த பெண் என்றால்
இந்தப் பக்கத்தில் டீச்சர், இல்லாவிட்டால் சிஸ்டர்.
பதினோரு வருஷமாய்த் திருத்துவதில்லை.

எதிரில் உட்காரக் கூடாது. ஒட்டியும் கூடாது.
பக்கவாட்டில், ஓர் ஆளுக்கு இடம் விட்டு,
இருவரும் தண்டவாளத்தைப் பார்க்கும்படி.
பயிற்சியில் யாரும் சொல்லித் தராதது இது.
மார்த்தாண்டம் பஸ்ஸில் அழுதுகொண்டிருந்த ஒருத்திக்குப் பக்கத்தில்
எனக்கு இடம் கிடைத்த அன்று தெரிந்துகொண்டது.

பெயர் கேட்கவில்லை.
இன்னொரு செருப்பு எங்கே என்றேன்.
"பாறசாலைல விழுந்துட்டு."
பிறகு இது எதற்கு?
"ஒண்ணாவது கெடக்கட்டும்."

ஆபீஸ் வெளிச்சத்தில் படிவம்.
பெயர்: அஜின் என்றான். கொஞ்சம் கழித்து ஜெனிஷ்.
அப்புறம் மேஜையைப் பார்த்து, "எதையாவது எழுதுங்க."
வயது: மீசை பதினாறு என்றது,
பெஞ்சில் உறங்கிப்போன முகம் பதினொன்று.
அங்க அடையாளம்: முன்கையில்
பரோட்டாக் கல்லின் எண்ணெய் தெறித்த புள்ளிகள்.
எண்ணினேன், பதினான்கு.
பதினைந்தாவது எண்ணெய் இல்லை.
அதைத் தனித் தாளில் எழுதினேன்.
முகவரி: முன்பே கேட்டபோது மேற்கே கை நீட்டியிருந்தான்.
மேற்கே குளச்சல், இனயம், தூத்தூர்,
அதற்கப்புறம் கடல்தான்.

எங்களுக்கு இணைப்பு என்றால் பல.
இரவில் மணி அடித்தால் இணைப்பு;
மறுமுனை மூச்சை மட்டும் விட்டுவிட்டு வைத்தால்
இணைப்பு துண்டிக்கப்பட்டது.
கோப்பின் பின்னால் குண்டூசி குத்திய தாள்களும் இணைப்பு.
எல்லாம் முடிந்தபின் கடைசிப் பக்கத்தில் எழுதுவது:
குடும்பத்துடன் இணைக்கப்பட்டார்.

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக்குள்,
சஜிதாவை அப்படித்தான் இணைத்தோம்.
சித்தப்பா கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து.
நாங்கள் படியிறங்கும்போது
வெட்டிய மரத்திலிருந்து சிரட்டையில்
பால் சொட்டிக்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல்.
ஏழாம் மாதம் அதே பெயரில் இன்னொரு கோப்பு.
மேலே பச்சை மையில் ஒரு வரி:
பழைய கோப்பை இணைக்கவும்.

சஜிதா இன்று நர்சிங் படிக்கிறாள் என்று எழுதினால்
எனக்கும் நன்றாக இருக்கும்.
தெரியவில்லை.

காலையில் டிரைவர் குருசடிமை
புட்டும் பயறும் பப்படமும் வாங்கிவந்தார்.
பையன் பொட்டலத்தைப் பிரித்து மூன்றாய்ப் பங்கு வைத்தான்.
அளவு தவறாத கை. கடையில் பழகியது.
தனக்குக் கடைசியாக, தனக்குக் குறைவாக.
குருசடிமை ஒன்றும் சொல்லவில்லை,
தன் பப்படத்தை எடுத்து அவன் இலையில் நொறுக்கினார்.

பதினொரு மணிக்குக் குழு கூடும்.
அம்மாவுக்குச் சொல்லியாயிற்றா என்பார்கள்.
சொல்லியாயிற்று, ஏழரைக்கு,
அவனே தந்த நம்பரில்.
இனயத்திலிருந்து கிளம்பிவிட்டாள்.
கூட யார் வருகிறார்கள் என்று கேட்டேன்.
போனில் முதலில் காற்று, பிறகு ஒரு காக்கை,
பிறகு, "அவரும்தான்."
அந்த இடைவெளியை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன். ஓரம் போதவில்லை,
தாளைத் திருப்பினேன்.

"டீச்சர், உள்ள நீங்களும் வருவீங்களா?"
வருவேன்.
சுவரைப் பார்த்தபடி யோசித்தான்.
"அப்பம் சைடுல இருங்க.
நேத்து இருந்த மாதிரி."