பதினோராம் கம்பம்

பள்ளிச் சாலையில் பதினொரு விளக்குக் கம்பங்கள்.
பதினொன்றிலும் பிரேபன் ஸ்கோவின் சிரிப்பை
ஒரே இரவில் அறுத்திறக்கினேன்,
மீன் வெட்டும் கத்தியால்.
யாரும் ஏவவில்லை.
நூலகத்தை மூடுவேன் என்கிறவனின் முகம்
எங்கள் தெருவில் எதற்கு என்று
எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

டோர்த்தேயின் கொட்டகையில், உறைபெட்டிக்குப் பின்னால்
அட்டைகளைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தேன்.
ஞாயிறன்று கானாங்கெளுத்தி எடுக்கப் போனவள்
வெளியே வரச் சற்று நேரமானது.
கத்தவில்லை.
ஏணியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு
மறுமுனைக்காக நின்றாள்.

ஃபியோர்டிலிருந்து நவம்பர் மழை.
விரல் விறைக்க
எதிராளியைக் கம்பத்தோடு கட்டினேன்.
பிளாஸ்டிக் பட்டைகள் எங்கள் பிரசாரப் பணத்தில் வாங்கியவை.
ஒன்பதாம் கம்பத்தடியில்
நாயோடு வந்து நின்றான் பிரேபன்.
"காற்றில் விழுந்துவிட்டதா?"
ஆமாம் என்று வாயெடுத்தேன்.
"இல்லை. நாங்கள்தான் எடுத்தோம்" என்றாள்.

நாங்கள்.
ஒன்றும் அறியாதவள்,
அந்தச் சொல்லுக்குள் வந்து
எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அவன் வெகுநேரம் நாயையே பார்த்தான்.
பிறகு, "இடது பக்கம் சாய்கிறது" என்றான்.
அட்டையையா, என்னையா, தெரியவில்லை.
ஏணியைப் பிடிக்கவில்லை. போய்விட்டான்.

ஏழு வாக்கில் தோற்றோம்.
எட்டு நாளுக்குள் எல்லா முகங்களும் இறங்கின,
டோர்த்தேயின் முகமும்.
நூலகம் மார்ச் வரை திறந்திருக்குமாம்.
பதினோராம் கம்பத்தில் மட்டும்
நான் இறுக்கிய பட்டை,
எதையும் பிடிக்காமல்.
கத்தி பையில்தான் இருக்கிறது.
அறுக்கவில்லை.