ஆறில் ஒன்று

ஈட்டி முனையால்தான் வகிடு எடுப்பார்கள் எங்களுக்கு.
ஆறு பின்னல். ஒன்றுகூட அவிழக் கூடாது.
திரிஃபே இழுக்கிற இழுப்பில் புருவம் மேலேறுகிறது.
ஏழு வருடம் முன்பும் இவள்தான் பின்னினாள்.

என் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது.
அப்பா விபேனியுஸ், நான் விபேனியா.
ஆண்பெயருக்கு ஒரு பெண்பால் விகுதி, அவ்வளவே.
தங்கைக்கும் அதே விகுதி; அதனால் அவள் ‘இரண்டாமவள்’.
அப்பாவின் ஜாடிகளிலும் இந்தப் பெயர்தான்.
புத்தியோலித் துறையில், வெயிலில்,
மீன்குடல் உப்போடு கரைந்து
பொன்னாகும் ஜாடிகள்.

பாப்பிரியுஸ் வீட்டில் பொன் இல்லை.
முகங்கள் இருந்தன.
முற்றத்துச் சுவரில் மாடம் மாடமாக
மெழுகில் வார்த்த முன்னோர்:
கான்சல்கள், பூசாரிகள், தோற்றுத் திரும்பிய ஒரு தளபதி.
கூரை ஒழுகியது. என் சீதனத்தில் ஓடு மாற்றினார்கள்.
மாமியார் என்னைக் கடக்கும்போதெல்லாம்
விரலை மூக்கருகே கொண்டுபோய்
மோதிரத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

கணவன் கெட்டவன் இல்லை.
குளிர்காலத்தில் என் பாதங்களைக் கையில் வாங்கிச்
சூடு வரும்வரை தேய்ப்பான்.
இது எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

போன மாதம் அப்பாவுக்கு
இன்னும் பழைய முகங்கள் உள்ள வீடு கிடைத்தது.
ஆள் அனுப்பினார்.
‘மகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.’
சட்டப்படி நான் எப்போதுமே அவருடையவள்தான்;
சும்மா கொடுத்து வைத்திருந்தார்.
சீதனம் மூன்று தவணையில் திரும்ப வரும்.
குழந்தை ஒன்று இருப்பதால்
ஆறில் ஒரு பங்கை அவர்கள் பிடித்துக்கொள்ளலாம் என்றார் வழக்கறிஞர்.
அப்பா விரல்களை மடக்கிப் பார்த்து
‘கட்டுப்படியாகும்’ என்றார்.

பிள்ளை தகப்பன் வீட்டுக்கு.
நான்கு வயது. என் செருப்பில் ஒன்றை ஒளித்து வைத்தான்.
ஒற்றைச் செருப்போடு பல்லக்கு ஏறினேன்.

திரிஃபே ஐந்தாவது பின்னலில் இருக்கிறாள்.
அவளோடு இருந்தவன் பல்லக்குத் தூக்கி.
அவனை விற்றபோது யாரும் அதை மணமுறிவு என்று சொல்லவில்லை;
அடிமைக்கு முறிய என்ன இருக்கிறது.
அன்றும் எனக்குத் தலை வாரினாள்.
கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடி என்றேன்.

தீ நிற முக்காடு வருகிறது.
வெளியே பையன்கள் அக்ரூட் கொட்டைக்கு இப்போதே அடித்துக்கொள்கிறார்கள்.

என் மகன் பதவிகள் ஏறுவான்.
ஒருநாள் அவனையும் மெழுகில் எடுத்து
மாடத்தில் வைப்பார்கள்.
அந்த மூக்கு மட்டும் என்னுடையது. துறைமுகத்து மூக்கு.
விருந்து நாளில் மாடக் கதவுகளைத் திறந்து
வரிசையாகப் பெயர் சொல்லி வருகையில்
ஒரு கணம் மீன் வாடை அடிக்கும்.

சமையலறையிலிருந்து என்றுதான் நினைப்பார்கள்.