தண்ணீர்க் குழி

பதின்மூன்றாவது குழியில் தண்ணீர்.
தண்ணீர் மட்டும்.
இலைச்சாறு இல்லை, வைரஸ் இல்லை, ஒன்றுமில்லை.
நீல விளக்கைப் போட்டால்
அதில்தான் கோடு பளிச்சென்று எரிகிறது.

முதலில் என் கையைச் சந்தேகித்தேன்.
மேசையை பிளீச்சிங் போட்டுத் துடைத்தேன்,
பிப்பெட்டைக் கழற்றிக் கழுவினேன்,
புது முனை, புது உறை, புதுத் தண்ணீர்.
பெனடிக்டா மேடம் மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார்.
தக்கலை மொத்தமும் என் முதுகில் வியர்த்தது.
மறுபடி கோடு.

மிச்சம் இருந்தது பிரைமர்.
சுஜின் கூரியரில் கொண்டுவந்து
கையெழுத்து வாங்கிப்போன குப்பி.
இருபது எழுத்து நீளம். அடியில்
உப்புத்தூசி மாதிரி ஒரு வெள்ளை,
சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.
சான்றிதழில் தூய்மை தொண்ணூற்றெட்டு.
மீதி இரண்டு யார் என்று எழுதவில்லை.

ஓரெழுத்து குறைந்து பிறந்த துண்டுகள் என்றால் போகட்டும்,
அவை தடுமாறும், பொய் சொல்லாது.
இது வேறு.
எங்கோ ஒரு தொழிற்சாலையில், அதே தட்டில்,
பக்கத்துக் குழியில், யாருக்கோ
முடிக்கொத்து நோயின் டிஎன்ஏ நகலைச் செய்திருக்க வேண்டும்.
துளியின் துளி இந்தப் பக்கம் தெறித்திருக்கும்.

ஜனவரிக் குப்பியில் கொஞ்சம் கிடந்தது.
அதைப் போட்டேன். தண்ணீர் இருண்டது.

அப்போதுதான்
வேர்க்கிளம்பி தாசையன்.

போன புதன்கிழமை அவருடைய மட்டி வாழை இலைகள்.
மாதிரி நிறைய, ஜெல்லில் ஒரு குழி போதவில்லை.
தண்ணீரை விட்டுவிட்டேன்.
தண்ணீரில் என்ன வந்துவிடப் போகிறது என்று.

உறைபெட்டியில் கிடந்த அவர் இலைகளைப்
பழைய பிரைமரில் ஓட்டினேன்.
பன்னிரண்டு குழியும் இருட்டு.
அவ்வளவு சுத்தமான இருட்டு.

"முந்நூத்திப் பன்னிரண்டு மூடு பிள்ளே.
நீங்க சொன்ன அன்னைக்கே வெட்டி எரிச்சாச்சு.
இப்பம் தீனம் இல்லைன்னாக்கும் சொல்லுது?"
அவர் பக்கம் மழை கேட்டது.
என் பக்கம் இல்லை.

புகார்ப் படிவம் நாலு பக்கம்.
தொகுதி எண், பெற்ற நாள், வைத்திருந்த வெப்பநிலை.
இழப்பு என்ற கட்டம் சின்னது,
ரூபாயில் மட்டும் நிரப்பவும் என்கிறது.
குப்பி முந்நூற்று நாற்பது.
அதை அடித்துவிட்டு 312 என்று போட்டேன்,
பக்கத்தில், மூடு.

மேடம் கடைசிவரை வாசித்தார்.
பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.
"புதன்கிழமையையும் எழுது" என்றார்.